கணினிக்குள் கணினி: விஎம்வேருக்கு இன்னும் காசு கட்ட வேண்டுமா?

விர்ச்சுவல் மெஷின் பற்றி வந்திருக்கும் கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்து எடுத்துக்கொண்டோம். ஒரு கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கி ஓட்டும் இன்னொரு கணினிதான் அது; விஎம்வேர், விர்ச்சுவல்பாக்ஸ், பேரலல்ஸ் எல்லாம் அதை உருவாக்கித் தரும் மென்பொருள்கள். பதில்களில் 'வி.எம்.' என்று வரும் இடமெல்லாம் விர்ச்சுவல் மெஷின்தான். மேசையில் இருக்கும் நிஜக் கணினி ஹோஸ்ட். அதற்குள் ஓடுவது கெஸ்ட்.

திருப்பூர் வாசகர்: எங்கள் பனியன் கம்பெனி ஆபீசில் விஎம்வேர் ஒர்க்ஸ்டேஷன் 15 ஓடுகிறதுங்க. காசு கொடுத்து உரிமச் சாவி வாங்கிப் போட்டது. இப்போது 17-க்கு மாற வேண்டும். ஆன்லைன் கடை ஒன்றில் '17 ப்ரோ லைஃப்டைம் சாவி 899 ரூபாய்' என்று விற்கிறார்கள். வாங்கலாமா?

வாங்காதீர்கள். இதற்கு நீங்கள் ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டியதில்லை.

விஎம்வேர் நிறுவனத்தை 2023 நவம்பரில் பிராட்காம் வாங்கியது. 2024 மே மாதம் ஒர்க்ஸ்டேஷன் ப்ரோவைத் தனிநபர் பயன்பாட்டுக்கு இலவசமாக்கினார்கள்; கம்பெனிகளுக்கு மட்டும் ஆண்டுச் சந்தா இருந்தது. 2024 நவம்பர் 11 முதல் அந்தச் சந்தாவும் எடுக்கப்பட்டுவிட்டது. வீடு, கல்லூரி, கம்பெனி எல்லாவற்றுக்கும் இலவசம். 17.6.2 பதிப்பிலிருந்து சாவியே தேவையில்லை. சாவி தேவைப்படாத மென்பொருளுக்குச் சாவி விற்கிறார்கள் என்றால், காசு போவதோடு முடியாது. அதோடு அவர்கள் தரும் 'செட்டப்' கோப்பில் என்ன இருக்கிறது என்பது விற்பவருக்குத்தான் தெரியும். ஏற்றுமதி ஆர்டர், வங்கி லாகின் எல்லாம் இருக்கும் கணினியில் அதை ஏற்றவே கூடாது. இலவசம் ஆனதால் ஒன்று மட்டும் குறைந்திருக்கிறது: ஏதாவது சிக்கல் என்றால் கம்பெனியிடம் புகார் கொடுத்து உதவி கேட்கும் வசதி இல்லை.

இறக்கும் இடம் பிராட்காமின் சப்போர்ட் தளம். மின்னஞ்சல் கொடுத்துக் கணக்குத் தொடங்கி, 'மை டவுன்லோட்ஸ்' பகுதியில் இலவச மென்பொருள் பட்டியலுக்குள் போனால் ஒர்க்ஸ்டேஷன் ப்ரோ இருக்கும். பலர் சிக்கிக்கொள்ளும் இடம் அடுத்ததுதான். நிபந்தனைகளை ஏற்கிறேன் என்ற கட்டத்தில் டிக் விழாது. பக்கத்தில் இருக்கும் நிபந்தனை இணைப்பை ஒருமுறை திறந்து பார்த்த பிறகே அந்தக் கட்டம் உயிர் பெறும். அதன்பின் முகவரி கேட்கும். முழுதாக நிரப்பினால்தான் இறக்கும் பொத்தான் வேலை செய்யும். உங்கள் 15-க்குள் இருக்கும் 'செக் ஃபார் அப்டேட்ஸ்' பொத்தானை நம்பிக் காத்திருக்க வேண்டாம். பழைய அப்டேட் சர்வர் இப்போது இல்லை. கையால்தான் இறக்க வேண்டும். பட்டியலில் 25எச்2 என்று ஒன்று இருந்தால் குழம்ப வேண்டாம். 17-க்குப் பிறகு 18 என்று எண் போடாமல், வந்த ஆண்டையும் அரையாண்டையும் பெயராக வைத்துவிட்டார்கள்.

ஹோஸ்டில் 64 பிட் விண்டோஸ் 10 அல்லது 11 இருந்தால்தான் 17 ஏறும். இனி ஏற்றும் வரிசை. வி.எம்.களை 'சஸ்பெண்ட்' செய்து விட்டுவிடாமல், உள்ளே விண்டோஸை முறையாக ஷட்டவுன் செய்யுங்கள். சஸ்பெண்ட் நிலையில் நினைவகம் அப்படியே கோப்பாக உறைந்திருக்கும்; பழைய பதிப்பு உறைய வைத்ததைப் புதிய பதிப்பு எழுப்ப முடியாமல் போகலாம். பிறகு வி.எம். இருக்கும் போல்டரை முழுதாக வெளி ஹார்டு டிஸ்கில் நகல் எடுங்கள். அந்த டிஸ்க் ஃபேட்32 வடிவில் இருந்தால் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட கோப்பு ஏறாது, எக்ஸ்ஃபேட் அல்லது என்.டி.எஃப்.எஸ். ஆக்கிக்கொள்ளுங்கள். விர்ச்சுவல் நெட்வொர்க் எடிட்டரைத் திறந்து, பிரிட்ஜ் (வி.எம்.மை ஆபீஸ் நெட்வொர்க்கில் நேராகச் சேர்க்கும் வழி) எந்த நெட்வொர்க் கார்டில் நிற்கிறது, நேட் (ஹோஸ்ட் வழியாக நெட்வொர்க்குக்குப் போகும் வழி) முகவரி என்ன என்று செல்போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். அப்டேட்டில் அது பழைய இயல்புநிலைக்குத் திரும்பிவிட்டால், ஆபீஸ் பிரிண்டர் வி.எம்.முக்குள் தெரியாமல் போகும்.

இவ்வளவும் முடிந்தபின் செட்டப்பை ஓட்டுங்கள். பழையதை அதுவே நீக்கிவிடும்; வி.எம். போல்டரைத் தொடாது. ரீஸ்டார்ட் செய்து, ஒவ்வொரு வி.எம்.மிலும் விஎம்வேர் டூல்ஸ் என்ற துணை மென்பொருளைப் புதுப்பியுங்கள்.

'சேஞ்ச் ஹார்ட்வேர் காம்பேட்டிபிலிட்டி' என்று ஒரு வேலை இருக்கிறது. அதை அன்றைக்கே செய்யாதீர்கள். வி.எம்.மின் ஹார்ட்வேர் எண்ணை உயர்த்திவிட்டால் பழைய ஒர்க்ஸ்டேஷன் 15-இல் அது திறக்காது. ஒரு வாரம் வேலை செய்து பார்த்து, எல்லாம் சரி என்று தெரிந்த பிறகு உயர்த்துங்கள். அப்போதும் 'நகல் எடுத்து மாற்று' என்ற தேர்வே பாதுகாப்பு.

சென்னிமலை வாசகர்: பெட்ஷீட் ஜக்கார்டுக்கு டிசைன் போடும் மென்பொருள் பழைய எக்ஸ்பி கணினியில்தான் ஓடுகிறது. பின்னால் ஒரு டாங்கிள் (உரிமத்தைக் காட்டும் சிறு கருவி) சொருகியிருந்தால்தான் திறக்கும். அந்தக் கணினி இன்றைக்கோ நாளைக்கோ என்று இருக்கிறது. அதை அப்படியே புது லேப்டாப்பில் வி.எம். ஆக்க முடியுங்களா? எவ்வளவு செலவாகும்?

முதலில் கணினியின் பின்பக்கம் போய் டாங்கிளைப் பாருங்கள். பதில் முழுவதும் அதில்தான் இருக்கிறது.

அது யு.எஸ்.பி. டாங்கிள் என்றால் வேலை பெரும்பாலும் நடக்கும். 25 ஊசி கொண்ட, பழைய பிரிண்டர் போர்ட்டில் சொருகும் டாங்கிள் என்றால் கடினம். கடையில் கிடைக்கும் 'யு.எஸ்.பி. டு பிரிண்டர்' கேபிளை வாங்கி ஏமாற வேண்டாம். அது பிரிண்டருக்குத் தகவல் அனுப்ப மட்டும் செய்தது. டாங்கிள் கேட்பது போர்ட்டின் ஒவ்வொரு ஊசியையும் நேரடியாகத் தொடும் வழி, அது அந்தக் கேபிளில் கிடைக்காது. மென்பொருள் விற்றவரைக் கேட்டு யு.எஸ்.பி. டாங்கிளாக மாற்றித் தரச் சொல்லுங்கள். கொஞ்சம் பணம் கேட்டாலும் கொடுங்கள். இந்த வேலையில் காசு போட வேண்டிய இடம் அதுதான். 'டாங்கிள் இல்லாமலே ஓட வைக்கிறேன்' என்று வருபவர்களை உள்ளே விடாதீர்கள். திருட்டு உரிமம் என்பது ஒருபுறம். உங்கள் டிசைன்கள் முழுவதும் அவர்கள் கையில் போகும்.

இனி, மென்பொருளின் சி.டி. கையில் இருக்கிறதா? இருந்தால் பழைய ஹார்டு டிஸ்கை அப்படியே மாற்றும் வேலையே வேண்டாம். வி.எம்.மில் புதிதாக எக்ஸ்பி நிறுவி, மென்பொருளை மறுபடி ஏற்றி, டிசைன் போல்டரை நகல் எடுத்துப் போடுங்கள். ஒரு பகல் வேலை.

சி.டி. இல்லையென்றால், கணினி உயிரோடு இருக்கும்போதே மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் டிஸ்க்2வி.எச்.டி. என்ற சிறு கருவியின், எக்ஸ்பியில் ஓடும் பழைய பதிப்பை அதில் ஓட்டுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸை அப்படியே ஒரு வி.எச்.டி. கோப்பாக வெளி டிஸ்கில் எழுதித் தரும். 'வி.எச்.டி.எக்ஸ்' என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். அந்தக் கோப்பை விர்ச்சுவல்பாக்ஸில் 'ஏற்கெனவே உள்ள டிஸ்க்' என்று கொடுத்து வி.எம். உருவாக்கலாம். எக்ஸ்பிக்கு 1 பிராசஸர், 1 ஜி.பி. ரேம் தாராளம். டிஸ்க் கன்ட்ரோலரை சாட்டாவில் விடாமல் ஐ.டி.ஈ. ஆக்குங்கள். எக்ஸ்பிக்குள் சாட்டா டிரைவர் கிடையாது. அப்படியே விட்டால் லோகோ ஒருமுறை மின்னி, 7பி என்று முடியும் எண்ணோடு நீலத் திரை வரும். பலர் அதைப் பார்த்து நகல் கெட்டுவிட்டது என்று அழித்துவிடுகிறார்கள். நகல் நன்றாகத்தான் இருக்கும், கன்ட்ரோலர்தான் தப்பு. யு.எஸ்.பி. கன்ட்ரோலரிலும் 3.0 வேண்டாம், எக்ஸ்பிக்கு அதற்கான டிரைவர் இல்லை, 2.0 அல்லது 1.1 வையுங்கள்.

டாங்கிளை ஹோஸ்டில் சொருகி, வி.எம். செட்டிங்ஸில் யு.எஸ்.பி. பக்கத்தில் பிளஸ் குறியை அழுத்தி அதற்கு ஒரு ஃபில்டர் சேர்த்துவிடுங்கள். அதன்பின் வி.எம். ஓடத் தொடங்கியதும் டாங்கிள் தானாக உள்ளே போகும். டாங்கிளில் விளக்கு இருந்தால் ஒரு நொடி அணைந்து மறுபடி எரியும். ஹோஸ்ட் கைவிட்டு கெஸ்ட் பிடித்த நேரம் அது.

வன்பொருள் மாறியதால் எக்ஸ்பி ஆக்டிவேஷன் கேட்கலாம். பெட்டியோடு ஒட்டி வந்த ஓ.ஈ.எம். உரிமம் அந்தப் பெட்டிக்கே உரியது, வேறு கணினிக்கு மாறாது. எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் தந்த பாதுகாப்பு 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது, ஆகையால் வி.எம்.மின் நெட்வொர்க் கார்டை நிரந்தரமாகத் துண்டித்து வையுங்கள். போட்ட டிசைனை ஷேர்டு போல்டர் வழியே ஹோஸ்டுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து பென்டிரைவில் எடுத்துத் தறிக்குக் கொண்டுபோகலாம்.

சோமனூர் வாசகர்: வி.எம். ஓடும்போது கரண்ட் போய்விட்டது. வந்த பிறகு திறந்தால் 'ஃபெயில்டு டு லாக் தி ஃபைல்' என்கிறது. உள்ளே மூன்று வருடக் கூலிக் கணக்கு இருக்கிறது. போய்விட்டதா?

போகவில்லை, பதற வேண்டாம். விஎம்வேர் ஒரு டிஸ்க் கோப்பைத் திறக்கும்போது வேறு யாரும் தொடாதிருக்க அதே போல்டரில் 'எல்.சி.கே.' என்று முடியும் சிறு போல்டர்களைப் பூட்டாக வைக்கும். முறையாக மூடும்போது அதுவே எடுத்துவிடும். கரண்ட் போனதால் பூட்டு மட்டும் நின்றுவிட்டது.

கணினியை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். விஎம்வேரைத் திறக்காமல், டாஸ்க் மேனேஜரில் விஎம்வேர்-விஎம்எக்ஸ் என்று எதுவும் ஓடவில்லை என்று உறுதி செய்யுங்கள். பிறகு வி.எம். போல்டர் முழுவதையும் நகல் எடுங்கள். இதைத் தாண்டிப் போகாதீர்கள், அவசரத்தில் வேறு கோப்பை அழித்துவிட்டால் திரும்ப வர வழி வேண்டும். அதன்பின் எல்.சி.கே. போல்டர்களை மட்டும் நீக்கிவிட்டுத் திறங்கள். எண் கொண்ட வி.எம்.டி.கே. கோப்புகள் (வி.எம்.மின் டிஸ்க் கோப்புகள்) நிறைய இருக்கலாம், அவை ஸ்னாப்ஷாட்டின், அதாவது வி.எம்.மின் ஒரு நேரத்து நிலையைக் குறித்து வைத்ததன், பகுதிகள். 'இதெல்லாம் எதற்கு' என்று ஒன்றை அழித்தாலும் சங்கிலி அறுந்து கணக்கு மொத்தமும் போகும்.

ஸ்னாப்ஷாட்டை பேக்கப் என்று நினைத்து வைத்திருப்பவர்கள் பலர். அது முதல் டிஸ்கின் மேல் அடுக்கி வைத்த மாற்றங்கள் மட்டுமே. அடியில் இருக்கும் டிஸ்க் கெட்டால் மேலே இருப்பதும் செத்தது. கூலிக் கணக்கு மாதிரி விஷயத்துக்கு வாரம் ஒருமுறை வி.எம்.மை ஷட்டவுன் செய்து போல்டரை வெளி டிஸ்கில் நகல் எடுங்கள். அதோடு ஒரு யு.பி.எஸ். வாங்குங்கள்.

ஈரோடு வாசகர்: விர்ச்சுவல்பாக்ஸ் முழுக்க இலவசம்தானே? எங்கள் ஆடிட்டர் ஆபீசில் ஆறு கணினியில் போட்டிருக்கிறோம். கூடுதல் வசதிகள் தரும் 'எக்ஸ்டென்ஷன் பேக்' மட்டும் ஆபீசில் போடக்கூடாது என்று நண்பர் பயமுறுத்துகிறார்.

நண்பர் சொல்வது சரி. விர்ச்சுவல்பாக்ஸின் அடிப்படைத் தொகுப்பு ஜி.பி.எல். என்ற திறந்த மூல உரிமத்தில் வருகிறது, ஆபீசிலும் இலவசம். எக்ஸ்டென்ஷன் பேக்குக்கு ஆரக்கிள் தரும் உரிமம் வேறு. தனிநபர் பயன்பாடு, கல்வி, சோதனை ஆகியவற்றுக்கு இலவசம். தொழிலுக்குப் பயன்படுத்தினால் காசு கட்டி உரிமம் வாங்க வேண்டும். இரண்டும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்துக் கிடைப்பதால் நிறையப் பேர் தெரியாமலே ஏற்றிவிடுகிறார்கள்.

உங்களுக்கு அது தேவையா என்று பாருங்கள். யு.எஸ்.பி. 2.0, 3.0 வேண்டும் என்பதற்காகத்தான் முன்பெல்லாம் அதை ஏற்றினார்கள். 2022 அக்டோபரில் வந்த 7.0 பதிப்பிலிருந்து அந்த இரண்டும் அடிப்படைத் தொகுப்புக்குள்ளேயே வந்துவிட்டன. தொலைவிலிருந்து வி.எம். திரையைப் பார்ப்பது, டிஸ்கைப் பூட்டி மறைகுறியாக்குவது, ஹோஸ்டின் வெப்கேமை உள்ளே கொடுப்பது போன்றவைதான் இப்போது பேக்கில் மிச்சம். ஆடிட்டர் ஆபீசுக்கு டிஜிட்டல் கையொப்ப டோக்கன் வி.எம்.மில் தெரிந்தால் போதும். அதற்குப் பேக் வேண்டாம். ஆறு கணினியிலும் எக்ஸ்டென்ஷன் மேனேஜரைத் திறந்து நீக்கிவிடுங்கள். ஒரு கவனம்: டிஸ்க் என்கிரிப்ஷன் போட்ட வி.எம். ஏதாவது இருந்தால், முதலில் அதைக் கழற்றிவிட்டுப் பேக்கை நீக்குங்கள். இல்லாவிட்டால் அந்த வி.எம். திறக்காது.

சரவணம்பட்டி வாசகர்: நேற்று வரை நன்றாக ஓடிய விர்ச்சுவல்பாக்ஸ் வி.எம். இன்று ஆமை மாதிரி நகர்கிறது. காசு கட்டி வேறு மென்பொருள் வாங்கினால் சரியாகுமா?

ஆமை என்று நீங்கள் சொன்னது பொருத்தம். வி.எம். ஜன்னலின் கீழ் வலது மூலையில் பாருங்கள். அங்கே பச்சை நிறத்தில் ஆமைப் படமே இருக்கும். சாதாரணமாக அந்த இடத்தில் 'வி' எழுத்துள்ள சிப் படம் இருக்க வேண்டும். பிராசஸரின் விர்ச்சுவலைசேஷன் வசதியை விண்டோஸின் சொந்த வி.எம். வசதியான ஹைப்பர்-வி முதலில் பிடித்துக்கொண்டு, விர்ச்சுவல்பாக்ஸை அதன் தோள்மேல் ஏறி ஓட வைத்திருக்கிறது என்று அர்த்தம்.

அண்மையில் டாக்கர் (மென்பொருள்களைத் தனிப் பெட்டிகளாக ஓட்டும் கருவி) அல்லது டபிள்யூ.எஸ்.எல். (விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் வசதி) ஏற்றினீர்களா? பெரும்பாலும் அதுதான் காரணம். 'டர்ன் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் ஆன் ஆர் ஆஃப்' பகுதியில் ஹைப்பர்-வி, விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம், விண்டோஸ் ஹைப்பர்வைசர் பிளாட்ஃபார்ம் மூன்றிலும் டிக் எடுத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். அதற்குப் பிறகும் ஆமை போகவில்லையென்றால், விண்டோஸ் செக்யூரிட்டியில் கோர் ஐசொலேஷன் பகுதியில் இருக்கும் 'மெமரி இன்டெக்ரிட்டி' பிடித்து வைத்திருக்கிறது. அதை அணைத்தால் பாதுகாப்பு கொஞ்சம் குறையும் என்பதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். டாக்கரும் வேண்டும் என்பவர்கள் விஎம்வேரை முயலலாம்; 15.5.5 பதிப்பிலிருந்து அது ஹைப்பர்-வியோடு ஒத்து ஓடக் கற்றுக்கொண்டது.

காசு கட்டி எதுவும் வாங்க வேண்டியதில்லை. விண்டோஸ் ப்ரோ வைத்திருந்தால் ஹைப்பர்-வியே உள்ளே இலவசமாக இருக்கிறது. விண்டோஸ் ஹோமில் அது இல்லை. அதற்காக மட்டும் ஹோமிலிருந்து ப்ரோவுக்குக் காசு கட்டி ஏறாதீர்கள். டாங்கிள், டோக்கன் போன்ற யு.எஸ்.பி. பொருள்களை நேரடியாக உள்ளே விடுவதில் ஹைப்பர்-வி மிகவும் பலவீனம்.

பொள்ளாச்சி வாசகி: மகள் கல்லூரிக்கு எம் வரிசைச் சிப் உள்ள மேக்புக் ஏர் வாங்கினோம். விண்டோஸ் மென்பொருள் இரண்டு வேண்டுமாம். பேரலல்ஸ் சந்தா கட்டலாமா?

முதலில் மேக்குக்கான விஎம்வேர் ஃப்யூஷன் ப்ரோவைப் போட்டுப் பாருங்கள், அதுவும் இப்போது இலவசம். போதவில்லை என்றால் பேரலல்ஸ். அதில் மாணவர் சலுகை உண்டு. ஸ்டாண்டர்டு பதிப்பை ஒரே தடவை பணம் கட்டியும் வாங்கலாம், ஆனால் அந்தப் பணம் அப்போதைய பதிப்புக்கு மட்டும். அடுத்த பெரிய பதிப்பு வேண்டுமென்றால் மறுபடி கட்ட வேண்டும். ப்ரோ பதிப்பு சந்தாவில் மட்டும்தான்.

எம் வரிசைச் சிப் ஆர்ம் வகையைச் சேர்ந்தது. அதனால் எது போட்டாலும் உள்ளே ஓடுவது ஆர்ம் சிப்புக்கான விண்டோஸ் 11. சாதாரண விண்டோஸ் மென்பொருள்களை அது மொழிபெயர்த்து ஓட்டும். தனி டிரைவர் கேட்கும் டாங்கிள், ஆய்வகக் கருவி போன்றவை பெரும்பாலும் ஓடாது. கல்லூரி சொன்ன அந்த இரண்டு பெயரையும் விற்பவரிடம் 'ஆர்ம் விண்டோஸில் ஓடுமா' என்று கேட்டு உறுதி செய்த பிறகு பணம் கட்டுங்கள். விண்டோஸ் உரிமம் தனிச் செலவு. பேரலல்ஸ் விலையில் அது சேராது.

கோபி வாசகர்: மென்பொருள் சந்தா புதுப்பிக்க டெபிட் கார்டு போட்டால் மறுக்கிறது. கணக்கில் பணம் இருக்கிறது.

வங்கி ஆப்பில் கார்டு செட்டிங்ஸைத் திறந்து 'இன்டர்நேஷனல் ஆன்லைன்' பொத்தானைப் பாருங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி 2020-க்குப் பிறகு வழங்கும் கார்டுகளில் அது அணைந்துதான் வரும். போட்டு, வரம்பையும் வேண்டிய அளவுக்கு வைத்து, பணம் கட்டியபின் அணைத்துவிடுங்கள். ஆண்டுதோறும் தானாகப் பிடிப்பது 15,000 ரூபாய்க்கு மேல் போனால் ஒவ்வொரு முறையும் ஓ.டி.பி. வேண்டும், அதற்குக் கீழே என்றால் 24 மணி நேரம் முன்பு வங்கியிலிருந்து எஸ்.எம்.எஸ். அல்லது மின்னஞ்சல் வரும். வேண்டாம் என்றால் அப்போதே நிறுத்தலாம். டாலர் விலையோடு வங்கியின் மாற்றுக் கட்டணமும் சேரும் என்பதைக் கணக்கில் வையுங்கள்.

கரூர் வாசகர்: வி.எம். போல்டரைப் புது லேப்டாப்புக்கு நகல் எடுத்துத் திறந்தேன். ஏதோ கேட்டது, ஒன்றை அழுத்தினேன். இப்போது உள்ளே இருக்கும் மென்பொருள் 'லைசென்ஸ் செல்லாது' என்கிறது.

விஎம்வேர் கேட்டது 'இதை நகர்த்தினீர்களா, நகலெடுத்தீர்களா' என்று. நீங்கள் நகல் என்பதை அழுத்தியிருக்கிறீர்கள். உடனே அது வி.எம்.முக்குப் புதிய அடையாள எண்ணும் புதிய நெட்வொர்க் கார்டு முகவரியும் கொடுத்துவிடும். அந்த முகவரியைப் பிடித்துக்கொண்டு உரிமம் பார்க்கும் மென்பொருள் இது வேறு கணினி என்று நினைத்துக்கொள்கிறது. பழைய லேப்டாப்பில் மூல போல்டர் இன்னும் இருக்கும் அல்லவா? புது லேப்டாப்பில் இருப்பதை நீக்கிவிட்டு மறுபடி அங்கிருந்து கொண்டுவாருங்கள். இந்த முறை 'ஐ மூவ்டு இட்' அழுத்துங்கள். பழைய லேப்டாப்பில் இருப்பதை இனி ஓட்டாதீர்கள். இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே வலையில் ஓடினால் முகவரி மோதி இரண்டிலும் நெட் விட்டுவிட்டு வரும்.